பினாங்குத் தெரஸ் வீட்டு வாசலில் மழைத் தோட்டம் போடுவது எப்படி?

மண்வெட்டியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த தடவை மழை கொட்டும்போது குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். இடி இடித்தால் வேண்டாம், போர்ச்சுக்குள் நின்றே பார்க்கலாம். கூரைத் தண்ணீர் எந்த மூலையில் விழுகிறது, கார் நிறுத்தும் சிமெண்ட் தரையில் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது, எவ்வளவு நேரத்தில் லோங்காங்கில் (தெருவோர வடிகாலில்) போய் விழுகிறது என்று கவனியுங்கள். எங்கள் வீட்டில் நான் ஒரு காய்ந்த மாவிலையைப் போட்டுப் பார்த்தேன். கூரைக் குழாயின் வாயிலிருந்து லோங்காங் வரை போக அதற்கு இருபது விநாடிதான் ஆனது.

அந்த இருபது விநாடியை அரை நாளாக, ஒரு நாளாக இழுப்பதுதான் மழைத் தோட்டத்தின் வேலை. பெயர் பெரிதாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். அரையடி ஆழத்தில் அகலமான ஒரு பள்ளம், அடியில் மணல் கலந்த மண், மேலே நனைந்தாலும் காய்ந்தாலும் சாகாத செடிகள், அவ்வளவுதான். மழை பெய்தால் நிரம்பும், மறுநாளைக்குள் மண்ணுக்குள் இறங்கிவிடும். தண்ணீர் அதற்கு மேலும் தேங்கி நின்றால் எங்கோ தவறு செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். நான் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

எதற்கு இந்த வேலை?

நம் தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) ஒரு தெரு நீளத்துக்கு நடந்து பாருங்கள். முன்பெல்லாம் வாசலில் கொஞ்சம் புல், ஒரு செம்பருத்தி, ஓரமாக ஒரு வாழை இருக்கும். இப்போது கேட் வரைக்கும் டைல்ஸ். வீட்டுக்கு இரண்டாவது கார் வந்ததும் மிச்சமிருந்த புல்லும் போய்விட்டது. நானும் அதைத்தான் செய்தேன், கூட்டுவதற்குச் சுலபம் என்று. புல் குடித்த தண்ணீரையெல்லாம் இப்போது லோங்காங் சுமக்கிறது. நாங்கள் இருக்கும் ஆயர் ஈத்தாம் பக்கத்து லோங்காங்குகள் ஆற்றுக்குப் போகின்றன, அது சுங்கை பினாங்கில் சேர்ந்து கடலுக்குப் போகிறது. அந்த நேரம் பார்த்துக் கடல் ஏறியிருந்தால் தண்ணீர் இறங்க வழியில்லாமல் ஊருக்குள்ளேயே நின்றுவிடும்.

2017 நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கி மறுநாள் வரை பெய்த மழையைப் பினாங்குக்காரர்களிடம் விளக்க வேண்டியதில்லை. ஏழு பேர் இறந்தார்கள். அந்த மாதிரி மழைக்கு வாசலில் ஒரு பள்ளம் பதில் சொல்லாது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் குறி சாயங்காலம் ஒரு மணி நேரம் அடித்துவிட்டு ஓய்கிற மழை. சந்து முனையில் அடிக்கடி கணுக்கால் தண்ணீர் நிற்க வைப்பது அதுதான். பூமி சூடேறச் சூடேற அதுவும் கனக்கிறது. வெப்பம் 1 டிகிரி கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். தாங்கியதை ஒரேயடியாகக் கொட்டவும் செய்யும்.

ஜேபிஎஸ் என்று நாம் சொல்லும் வடிகால் நீர்ப்பாசனத் துறை 1975-இல் போட்ட முறை, மழைத் தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வெளியேற்று என்பதுதான். 2000-இல் அதே துறை மஸ்மா என்ற கையேட்டைக் கொண்டுவந்து தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டது. மழை விழும் இடத்திலேயே பிடித்து வை, மெதுவாக விடு என்றது. 2012-இல் அதன் இரண்டாம் பதிப்பும் வந்தது. புதிய வீடமைப்புப் பகுதிகளில் வேலி போட்டு வைத்திருக்கும் தேக்கக் குளங்கள் அந்த எண்ணத்தில் வந்தவை. பழைய தாமான்களில் அப்படிக் குளம் வெட்ட இடமேது? வாசல்தான் இருக்கிறது.

எங்கள் தாத்தா இதைக் கேட்டால் சிரிப்பார். கெடாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். மேட்டுப் பகுதியில் வரிசைக்கு வரிசை குழி வெட்டி, மழைத் தண்ணீரையும் அது அடித்துக்கொண்டு வரும் மண்ணையும் பிடித்து வைப்பார்கள். மரங்களுக்கு நடுவே தரை தெரியாமல் கொடிப்பயிரைப் படரவிடுவார்கள். துரைக்கு வேண்டியது கரையாத மண். சாங்குல் பிடித்து வெட்டியது நம்மவர்கள். ஆகவே இது எங்கிருந்தோ வந்த புதுப்பாடம் என்று நினைக்காமல் தொடங்கலாம்.

எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போடுங்கள்

1 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். இது ஒன்று தெரிந்தால் போதும். 20 அடி அகலமுள்ள தெரஸ் வீட்டின் முன்பக்கக் கூரை 20-க்கு 30 அடி என்று வைத்துக்கொண்டால் சுமார் 56 சதுர மீட்டர் வரும். மணிக்கு 60 மி.மீ. மழை ஒரு மணி நேரம் பெய்தால் அந்தக் கூரையிலிருந்து மட்டும் 3,360 லிட்டர். 200 லிட்டர் நீலத் தோங் (பிளாஸ்டிக் பீப்பாய்) பதினாறு நிரம்பி மேலும் வழியும்.

இப்போது பள்ளத்தைப் பாருங்கள். 2 மீட்டருக்கு 3 மீட்டர், 15 செ.மீ. ஆழம் என்றால் 900 லிட்டர் பிடிக்கும். அதாவது முதல் 16 மி.மீ. மழை உங்கள் வாசலைத் தாண்டாது. பெரிய மழையில் இது கால்வாசிதான். ஆனால் பெரும்பாலான நாள்களில் பெய்வது அந்த 16 மி.மீ.க்கு உள்ளேதான், அந்த நாள்களில் உங்கள் கூரையிலிருந்து ஒரு சொட்டும் லோங்காங்குக்குப் போகாது. ஒரு தெருவில் ஐம்பது வீடு செய்தால் 45,000 லிட்டர். ஒரே வீடு செய்தால் தெருவில் வித்தியாசம் தெரியாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் வீட்டில் உண்மையில் எவ்வளவு பெய்கிறது என்று பார்க்கப் பழைய மைலோ டின் போதும். மேலே எதுவும் மறைக்காத இடத்தில் வைத்து, மழை நின்றதும் அடிக்கோலை விட்டு ஆழத்தை அளந்து நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அளந்தவுடன் டின்னைக் கவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கொசு வளர்ப்பீர்கள். ஜேபிஎஸ் நடத்தும் இன்ஃபோ பஞ்ஜிர் தளத்தில் அருகிலுள்ள மழைமானியின் கணக்கும் ஆற்று மட்டமும் கிடைக்கும். ஒப்பிட்டுப் பாருங்கள். மலையடிவாரத்துக்கும் ஜெலுத்தோங்குக்கும் ஒரே சாயங்காலத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்தால் ஆச்சரியமாக இருக்கும்.

மண் குடிக்குமா?

இந்தச் சோதனையை நான் செய்யாமல் விட்டேன். விளைவு, முதல் மழைக்குப் பிறகு நான்கு நாள் வாசலில் குட்டை. பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி கேட்டுக்கு வெளியே நின்று, "இனி கோலாம் ஈக்கான் கா?" என்று கேட்டார். மீன் குளம் வெட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார். மறுபடி தோண்டிப் பார்த்தால் ஓரடிக்குக் கீழே உடைந்த செங்கல், ஓட்டுத் துண்டு, கெட்டியாக அமுக்கிய சிவப்பு மண். வீடு கட்டும்போது போட்டு மூடிய குப்பை. தெரஸ் வீட்டு வாசலுக்கு அடியில் நல்ல மண் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

சோதனை இதுதான். வாளி அகலத்தில் ஓரடி ஆழத்துக்குக் குழி எடுங்கள். தண்ணீரை நிரப்பி முழுக்க இறங்க விடுங்கள். மறுபடி நிரப்பி, அடிக்கோலைச் செருகி ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 2.5 செ.மீ.யோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், நிரம்பிய பள்ளம் ஆறு மணி நேரத்தில் வற்றிவிடும். 1 செ.மீ. என்றாலும் பரவாயில்லை, ஆழமாகக் கொத்தி மணலைச் சேர்த்தால் சரியாகும். அதற்கும் குறைவு என்றால் பள்ளத்தை விட்டுவிடுங்கள், தோங் மட்டும் வைக்கலாம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பினாங்குத் தீவு கருங்கல் மலை. அடிவாரத்தில் மலையிலிருந்து வந்த மண் பல இடங்களில் மணற்பாங்காக இருக்கும், தண்ணீரை நன்றாகக் குடிக்கும். கடலோரத்துத் தாழ்வான பகுதிகளில் களிமண், அதோடு நிலத்தடி நீரும் மேலேயே நிற்கும். இரண்டடி தோண்டியதும் அடியில் ஊற்றெடுத்தால் அங்கே பள்ளம் பயன்படாது. தரைக்கு மேலே செங்கல் தொட்டி கட்டி, அதில் கூரைத் தண்ணீரை விடலாம்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பாயா தெருபோங், தஞ்சோங் பூங்கா போன்ற இடங்களில் செங்குத்தான சரிவின் மேலோ, மண்ணைத் தாங்கும் சுவரின் பின்னாலோ வீடு இருந்தால் இந்தத் தோட்டம் வேண்டவே வேண்டாம். சரிவுக்குள் தண்ணீரை இறக்குவது ஆபத்து. அங்கே கூரைத் தண்ணீர் குழாய் வழியாக நேராக லோங்காங்குக்குத்தான் போக வேண்டும்.

எங்கே வெட்டுவது?

வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி இருக்க வேண்டும், அஸ்திவாரத்தின் அடியில் ஈரம் நிற்கக் கூடாது. நடுவரிசை வீட்டில் முன்வாசல் மொத்தமே இருபதடி என்றால், மிஞ்சுவது கேட்டை ஒட்டிய பட்டைதான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், காரைக் கொஞ்சம் உள்ளே தள்ளி நிறுத்தப் பழகிக்கொண்டோம். பக்கத்து வீட்டுச் சுவர் அருகில் இருந்தால் அந்தப் பக்கம் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைச் செங்குத்தாக இறக்குங்கள், தண்ணீர் கீழேதான் போக வேண்டும், பக்கவாட்டில் போகக் கூடாது. மூலை வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை, அவர்கள் தாராளமாக வெட்டலாம்.

தண்ணீர் மீட்டரிலிருந்து வீட்டுக்குள் போகும் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று முதலில் பாருங்கள். கழிவுநீர் மூடி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். இந்த இரண்டையும் பார்க்காமல் சிமெண்ட் உடைக்கும் ஆளைக் கூப்பிட்டால் அன்றைக்கே பிளம்பரையும் கூப்பிட வேண்டி வரும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கேட்டுக்கு உள்ளே உங்கள் இடம். வெளியே இருக்கும் புல்லும் லோங்காங்கும் மாநகர் மன்றத்தைச் சேர்ந்தவை. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி பொது வடிகாலைக் கேட்காமல் மூடவோ திருப்பவோ கூடாது. பள்ளம் நிரம்பி வழியும் தண்ணீர் இப்போது போகிற அதே இடத்தில்தான் லோங்காங்கில் விழ வேண்டும். சுவரை இடிக்கும் வேலை இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

தோண்டும் நாள்

எப்போது தொடங்குவது? தைப்பூசம் முடிந்த வாரம். தீவில் ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள், மண் உலர்ந்திருக்கும், தோண்டச் சுலபம். தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்த தோள் வலி போனதும் மண்வெட்டி எடுக்கலாம். சித்திரை மழைக்குள் செடி வேர் பிடித்துவிடும், தீபாவளிக்கு முன்னால் வரும் பெரிய மழைக்குப் பள்ளம் தயாராக இருக்கும்.

சிமெண்ட் உடைக்க ஆள் வைத்தேன், அரை நாள் வேலை. மிச்சத்தை வீட்டில் இரண்டு பேர் ஒரு சனி ஞாயிறில் முடிக்கலாம். மொத்தம் இரண்டடி ஆழம் தோண்டுங்கள். அதில் ஒன்றரை அடிக்குக் கலவை மண்ணை நிரப்பினால் மேலே அரையடி பள்ளம் மிஞ்சும். கலவைக்கு ஆறு பங்கு மணல், இரண்டு பங்கு மேல்மண், இரண்டு பங்கு நன்றாக மக்கிய உரம். மணல் பருமணலாக இருக்க வேண்டும். பூச்சு வேலைக்கு வாங்கும் நைஸ் மணல் இரண்டே மாதத்தில் இறுகிவிடும். கடற்கரையிலிருந்து அள்ளிவரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், உப்பு. நிரப்பிய மண்ணைக் காலால் மிதிக்கவும் வேண்டாம். தண்ணீர் ஊற்றினால் தானாக அமரும், அமர்ந்த பிறகு குறைந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் போடுங்கள்.

பள்ளத்தின் அடி சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஒரு மூலையிலேயே கிடக்கும். மட்டப்பலகை இல்லையென்றால் பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலைப் படுக்க வைத்துப் பாருங்கள். கூரைக் குழாயிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் கைப்பிடி அளவுக் கற்களைப் பரப்புங்கள், இல்லாவிட்டால் முதல் மழையே மண்ணைத் தோண்டிவிடும்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: வழிந்தோடும் வாய் உங்கள் போர்ச் தரையைவிடக் குறைந்தது நான்கு அங்குலம் தாழ்வாக இருக்க வேண்டும். லோங்காங் பக்கத்துக் கரையில் ஓரடி அகலத்துக்கு வெட்டிக் கல் பதியுங்கள். நிரம்பினால் தண்ணீர் அந்த வழியாகத்தான் போகும். அந்த வாய் இல்லாத பள்ளம் பெரிய மழையில் தண்ணீரை வீட்டுக்குள் அனுப்பிவிடும்.

எந்தச் செடி?

இங்கேதான் எல்லாரும் தவறு செய்கிறார்கள், நான் உட்பட. தமிழர் வீடு என்றால் கறிவேப்பிலை இல்லாமல் முடியுமா? நல்ல கன்றாக வாங்கிப் பள்ளத்தின் நடுவில் வைத்தேன். மூன்று மழையில் இலை மஞ்சளாகி உதிர்ந்து செத்தது. கறிவேப்பிலைக்கு வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. அதன் இடம் கரையின் மேல்.

பள்ளத்தை ஒரு தட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில், தண்ணீர் நிற்கும் இடத்தில், கல்வாழையும் சேம்பும் பாண்டானும் வையுங்கள். மூன்றும் நனைந்தால் கொண்டாடும், இரண்டு வாரம் காய்ந்தாலும் சாகாது. பாண்டான் இலை நெய்ச்சோற்றுக்கும் ஆகும். உள்சரிவில் வெட்டிவேர். அதன் வேர் ஆளுயரத்துக்கும் மேல் கீழே இறங்கிப் போகும், தண்ணீர் இறங்க வழி போட்டுக் கொடுப்பது போல. செராய் (எலுமிச்சைப்புல்) அதற்குத் தங்கை மாதிரி, ஆனால் தண்ணீர் நின்றால் முகம் சுளிக்கும், கொஞ்சம் மேலே வையுங்கள். கரையில் செம்பருத்தி, கறிவேப்பிலை, துளசி. இடம் இருந்தால் ஒரு மூலையில் பூங்கா காந்தான் என்ற இஞ்சிப்பூச் செடி. லக்சா வைக்கும் நாளில் சந்தைக்கு ஓட வேண்டாம், ஆனால் அது ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து கார் கண்ணாடியை உரசும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஒரு எச்சரிக்கை. கார் நிற்கும் தரையிலிருந்து எண்ணெய் கலந்த தண்ணீர் வருமானால் பள்ளத்தில் வளர்வது எதையும் சாப்பிடாதீர்கள், பூச்செடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய அஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணீருக்கும் அதே விதி. வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் ஈரத்தில் அழகாகப் படரும், ஆசையாக இருக்கும். கூரை ஓடு சுத்தமாக இருந்து, கார்த் தண்ணீர் வேறு பக்கம் போனால் மட்டும் பறியுங்கள்.

மரம் வைக்கலாமா என்று கேட்பார்கள். வேம்பு, மா, ஆல் எதுவும் வேண்டாம். வேர் குழாயைத் தேடிப் போகும்.

முதல் மூன்று மாதம் காய்ந்த நாள்களில் தண்ணீர் ஊற்றுங்கள். மழைத் தோட்டம்தானே என்று விட்டுவிட்டால் பிப்ரவரி வெயில் எல்லாவற்றையும் முடித்துவிடும்.

தோங் வைப்பவர்களுக்கு

பள்ளத்துக்கு மண் ஒத்துவராவிட்டால், அல்லது இரண்டும் வேண்டுமென்றால், கூரைக் குழாய்க்குக் கீழே ஒரு நீலத் தோங் வைக்கலாம். முன்பு என்ன ரசாயனம் இருந்தது என்று தெரியாத பழைய தோங்கை வாங்காதீர்கள். முதலில் வரும் மழை கூரையிலிருக்கும் பறவை எச்சம், எலி மூத்திரம், தூசி எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வரும். நம் 56 சதுர மீட்டர் கூரைக்கு முதல் 50 லிட்டரை வெளியே விட்டுவிட்டுப் பிறகு பிடிப்பது நல்லது. அந்தத் தண்ணீர் குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ ஆகாது. செடிக்கு, கார் கழுவ, கழிவறைக்கு ஆகும். 2024 ஜனவரியில் நான்கு நாள் குழாய்த் தண்ணீர் நின்றபோது எங்கள் வீட்டுக் கழிவறை ஓடியது டிசம்பரில் பிடித்து வைத்த தோங்கால்தான். நிரம்பிய தோங் 200 கிலோ எடை. தளர்ந்த செங்கல் மேல் ஏற்றி வைக்காதீர்கள், பிள்ளைகள் விளையாடும் இடம்.

மழைக்கு முன்னால் தோங் காலியாக இருந்தால்தான் வெள்ளத்துக்கு உதவும். நிரம்பிய தோங் அலங்காரப் பொருள். சாயங்காலம் மேகம் கறுத்தால் பாதியைச் செடிக்கு விட்டுவிடுவது எங்கள் வீட்டுப் பழக்கம்.

கொசு

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்கள் தெருவில் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். ஏடிஸ் கொசு முட்டை பெரிதாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஒரு நாளில் வற்றும் பள்ளத்தில் அது வளர வழியில்லை. டிங்கி வருவது பெரும்பாலும் பூச்சட்டித் தட்டு, கவிழ்க்காத வாளி, அடைத்துக்கொண்ட கூரைப் பீலி, மூடாத தோங் ஆகியவற்றிலிருந்துதான். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் அமலில் இருக்கிறது. சுகாதார அதிகாரி வந்து புழுவைக் கண்டால் அபராதம் உங்கள் பெயரில்தான் வரும்.

தோங்குக்கு மூடி வேண்டும், தண்ணீர் புகும் வாயிலும் வழியும் குழாயிலும் நெருக்கமான வலை வேண்டும். வழியும் குழாயைத்தான் எல்லாரும் மறப்பார்கள். வாரம் ஒரு நாள், எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதற்கு முன், டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். புழு நெளிந்தால் அபேட் என்ற புழுக்கொல்லி மருந்தைப் போடுங்கள், அளவு பொட்டலத்திலேயே இருக்கும். லோங்காங் மீன் இரண்டைப் பிடித்து விட்டால் போதும் என்று அங்கிள்மார் சொல்வார்கள். புழுவைத் தின்னும், உண்மைதான். ஆனால் மூடிய தோங்கில் அது வாழாது, மீனுக்காக மூடியைத் திறந்து வைத்தால் கதை முடிந்தது.

பள்ளத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் மேல்மண்ணைக் கிளறுங்கள். பெரும்பாலும் இலைச் சேறு படிந்து அடைத்திருக்கும். கிளறியும் வற்றாவிட்டால் தற்காலிகமாகக் கூரைக் குழாயைப் பழையபடி லோங்காங்குக்குத் திருப்பிவிட்டுச் சரி செய்யுங்கள்.

பிளாட்டில் இருந்தால்?

பினாங்குத் தமிழரில் நிறையப் பேர் பிளாட்டில்தான் இருக்கிறோம், மேலே சொன்னது எதுவும் அங்கே நேராகப் பொருந்தாது. ஆனால் புளோக்கைச் சுற்றி யாருக்கும் பயன்படாத சிமெண்ட் பட்டை, பூச்செடி செத்துப்போன தொட்டி, மொட்டையாகக் கிடக்கும் புல் எல்லாம் இருக்கும். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் அதன் பக்கத்திலேயே போகும். நிர்வாகக் குழுவின் ஆண்டுக் கூட்டத்தில் பேசுங்கள். பேசும்போது பருவநிலை மாற்றம் என்று தொடங்காதீர்கள், கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் நிற்கிறதே என்று தொடங்குங்கள். இரண்டு படம் காட்டுங்கள். கோத்தோங் ரோயோங் (எல்லாரும் கூடி வேலை செய்யும் நாள்) அன்றைக்கு ஒரே ஒரு குழாய்க்கு மட்டும் செய்து காட்ட அனுமதி கேளுங்கள். கையில் மண்வெட்டியும் பக்கத்தில் தே தாரிக்கும் இருந்தால் ஆள் சேர்வார்கள். பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்று பெயர் குறிக்காமல் மட்டும் தொடங்காதீர்கள். நான் பார்த்த ஒரு புளோக்கில் ஆறே மாதத்தில் அந்தப் பள்ளம் குப்பைத் தொட்டியாகிவிட்டது.

கேட்டுக்கு வெளியே

வாசலில் பழகியவர்களுக்கு ஊரைப் பார்க்கும் கண்ணும் மாறும். தீவின் நடுவே உள்ள மலைக்காடு பெரிய அளவிலான மழைத் தோட்டம்தான். மழையை வாங்கி மெதுவாக அருவிக்கும் ஓடைக்கும் விடுகிறது. பினாங்கு மலைக் காட்டுப் பகுதியை 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. நம் குழாய்த் தண்ணீரில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் சுங்கை மூடா ஆற்றிலிருந்து எடுப்பது, அது பிறப்பது கெடாவின் உலு மூடா காட்டில். கெடாவில் மரம் வெட்டினால் பினாங்கில் குழாய் காயும் என்று சொல்வது மிகையில்லை.

ஜார்ஜ் டவுனிலும் பாயான் லெப்பாஸிலும் மரம் நட்டு, பசுமைப் பாதை போட்டு, மழைநீரைத் தேக்கும் ஒரு திட்டம் நடக்கிறது. அடாப்டேஷன் ஃபண்ட் என்ற பன்னாட்டு நிதியம் 1 கோடி அமெரிக்க டாலர் கொடுக்க, ஐ.நா. ஹேபிடாட், திங் சிட்டி, பினாங்குத் தீவு மாநகர் மன்றம், ஜேபிஎஸ் ஆகியவை சேர்ந்து செய்கின்றன. உங்கள் தெருவுக்கு அது வருமா என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். கேட்பவர்கள் இருக்கும் தெரு பட்டியலில் ஏறும் என்பது என் அனுபவம்.

கடல் பக்கம் இந்த வேலையைச் செய்வது பாக்காவ் என்ற அலையாத்திக் காடு. 2004 சுனாமியில் மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள், அதில் பெரும்பகுதி பினாங்கில். பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கத்தினர் அதற்கு முன்பிருந்தே பாக்காவ் கன்று நட்டு வருகிறவர்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப்போய் நடவில் சேரலாம். பழைய சட்டையும் கட்டிய காலணியும் போட்டுப் போங்கள், செருப்பைச் சேறு பிடுங்கிக்கொள்ளும்.

வருடத்துக்கு ஒரு தடவை

ஆகஸ்ட் கடைசியில் கூரைப் பீலியில் இலையை அள்ளுங்கள், வழிந்தோடும் வாயில் அடைத்த கல்லை நகர்த்திச் சுத்தம் செய்யுங்கள், மேலே படிந்த சேற்றை ஓரங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக உரம் போடுங்கள். மொத்தம் ஒரு காலைப் பொழுது. இரண்டாம் ஆண்டு கல்வாழை பள்ளத்தையே விழுங்கப் பார்க்கும். கிழங்கைப் பிரித்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுங்கள். எங்கள் தெருவில் அந்த ஆன்டி உட்பட நான்கு வீட்டில் இப்போது நிற்கிறது. கிழங்கைக் கொடுக்கும்போது மண் சோதனையையும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் வாசலில் நான்கு நாள் தண்ணீர் நிற்கும்போது திட்டு வாங்குவது நீங்கள்தான்.